பட்டத்துக்குப் பின் ஒரு முகவரி



இந்த அரங்கில் கணினி மையங்களில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், நூலகர்கள் இருக்கிறீர்கள், முன்னாள் மாணவர் சங்கங்களை இழுத்துப் பிடித்து நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். ஒரே மாணவரை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் நீங்கள். அந்த மாணவர் படிப்பை முடித்து வெளியேறும்போது அவருடைய கல்லூரி மின்னஞ்சலை என்ன செய்வது என்று மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசிய கல்லூரி அபூர்வம். பேசாவிட்டால் என்ன, முடிவு தானாக நடந்துவிடுகிறது. ஏதோ ஒரு நாள், கணினி மையத்தில் ஒருவர் பழைய மாணவர் பட்டியலைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்ற பொத்தானை அழுத்துகிறார்.

நம் ஊரில் பட்டத்துக்கு முன்னால் வருவது நோ டியூஸ் படிவம். நூலகத்தில் புத்தக பாக்கி இல்லை, விடுதியில் மெஸ் பாக்கி இல்லை, ஆய்வகத்தில் உடைத்த பீக்கருக்குப் பணம் கட்டியாயிற்று என்று ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருப்பார் என்பதும் அந்தச் சடங்கின் ஒரு பகுதி. மாணவர் நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டியது என்ன என்று அந்தப் படிவம் ஒன்றுவிடாமல் கேட்கிறது. நிறுவனம் மாணவருக்குத் திருப்பித் தர வேண்டியது என்ன என்று கேட்க அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இருந்திருந்தால் முதல் வரியாக அவருடைய மின்னஞ்சல் பெட்டி வந்திருக்கும். நான்கு ஆண்டுக் கடிதங்கள், புராஜெக்ட் அறிக்கையின் வரைவுகள், வழிகாட்டி எழுதிய திருத்தங்கள், இன்டர்ன்ஷிப் சான்று, டிரைவில் கிடக்கும் வகுப்புக் குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கல்லூரிக் கணக்கு என்று ஒற்றையாகச் சொல்கிறோம். அதற்குள் மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது முகவரி: உலகம் அந்த ஆளைத் தேடி வருகிற பெயர். அடுத்தது இடம், அதாவது கடிதமும் கோப்பும் சேர்ந்து கிடக்கிற கொள்ளளவு. இவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது உரிமம். ஆய்விதழ், மேட்லாப், மைக்ரோசாஃப்ட் மென்பொருள் என்று அந்தக் கடவுச்சொல்லைக் காட்டினால் திறக்கிற கதவுகள் அனைத்தும் அதில் அடங்கும். மூன்றும் ஒரே கடவுச்சொல்லில் கட்டப்பட்டிருப்பதால் மூன்றையும் ஒரே நாளில் வெட்டுகிறோம். என் வாதம் இவ்வளவுதான்: உரிமம் படிப்போடு முடியலாம், இடம் ஓராண்டுக்குள் காலியாகலாம், முகவரி மட்டும் அந்த ஆள் இருக்கிறவரை இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1971இல் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பியபோது, ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே அந்த ‘அட்’ குறியை வைத்தார். இன்று வரை அதுவே நடைமுறை. குறிக்கு இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் நிறுவனம். வலப்பக்கத்துக்காரர் கைவிட்டால் இடப்பக்கத்துக்காரருக்கு முகவரியே இல்லை. பல்கலைக்கழகங்கள் சொந்தமாக அஞ்சல் சர்வர் வைத்திருந்த காலத்தில் மாணவருக்குக் கிடைத்த இடம் மிகச் சின்னது. படிப்பு முடிந்ததும் கணக்கை மூடுவார்கள்; யாரும் பெரிதாக வருத்தப்பட்டதில்லை.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தது. பலரும் அதை ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே நினைத்தார்கள். 2006இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர் மின்னஞ்சலை மொத்தமாகக் கூகுளிடம் ஒப்படைத்தது. மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்குக் கல்விக்கு இலவசம் என்று கடை விரித்தது. சர்வர் வேண்டாம், ஏசி அறை வேண்டாம், இரவுக் காவல் வேண்டாம், பின்னாளில் இடத்துக்கு எல்லையும் இல்லை என்றாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் பல பல்கலைக்கழகங்கள் பட்டம் பெற்றவர்களிடம், இந்தக் கணக்கு உங்களுக்கு வாழ்நாள் முழுதும் என்று சொல்லிவிட்டன.

2021 பிப்ரவரியில் கூகுள் அந்த எல்லையின்மைக்கு எல்லை கட்டியது. நிறுவனம் ஒன்றுக்கு எல்லாருக்கும் சேர்த்து 100 டெராபைட். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2022 ஜூலை முதல் அமல். மைக்ரோசாஃப்டும் 2023இல் அதே 100 டெராபைட் கணக்கை அறிவித்து, 2024 ஆகஸ்டிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. 100 டெராபைட் என்றால் ஏறத்தாழ 1 லட்சம் ஜிபி. இருபதாயிரம் மாணவர் உள்ள பல்கலைக்கழகத்தில் தலைக்கு 5 ஜிபி. அதே பல்கலைக்கழகம் கடந்த பத்தாண்டில் வெளியேறிய ஐம்பதாயிரம் பேரையும் வைத்துக்கொண்டால் தலைக்கு ஒன்றரை ஜிபிகூட வராது. தெருவில் போகிற யாருக்கும் கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. ஆக, பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளுக்குத் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு.

கூகுளைத் திட்டுவது சுலபம். என் கோபம் அங்கே பெரிதாக இல்லை. வியாபாரி இலவசத்தை நிறுத்துவது வியாபாரம். அடுத்தவர் பணத்தை நம்பி வாழ்நாள் வாக்குக் கொடுத்தவர்கள் பல்கலைக்கழகத்தார். வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனபோது அவர்கள் தேடியது இடத்தை மிச்சம் பிடிக்க வழி. முதலில் கண்ணில் பட்டது முன்னாள் மாணவர் கணக்குகள். சில இடங்களில் கொள்ளளவைக் குறைத்தார்கள், சில இடங்களில் மொத்தமாக மூடினார்கள். மூடியபோது, தேவையே இல்லாமல், முகவரியையும் சேர்த்து மூடினார்கள்.

அந்த முகவரியில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று பாருங்கள். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் தொடங்கியபோது உள்ளே நுழைய ஹார்வர்டு மின்னஞ்சல் வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்தது 2006 செப்டம்பரில்தான். பல்கலைக்கழக முகவரி ஓர் அடையாள அட்டையாக வேலை செய்கிறது என்பதை அந்த நிறுவனம் எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டது. இன்று கூகுள் ஸ்காலரில் ஓர் ஆய்வாளரின் பக்கத்தில் பெயருக்குக் கீழே, இன்ன நிறுவனத்தில் சரிபார்க்கப்பட்ட மின்னஞ்சல் என்று ஒரு வரி வருகிறது. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால், தொடர்புக்குரிய ஆசிரியர் என்று கல்லூரி முகவரியைத்தான் போடச் சொல்கிறோம்.

எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் கட்டுரை அனுப்பும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வர எட்டு மாதம் ஆகலாம். அதற்குள் கணக்கு மூடப்பட்டிருக்கும். திருத்தி அனுப்பக் கெடு ஒரு மாதம் என்ற கடிதம், இல்லாத முகவரிக்குப் போய்த் திரும்பும். கட்டுரை வெளிவந்துவிட்டாலும் கதை முடியவில்லை. அந்தத் தரவைத் தாருங்கள் என்று மூன்றாண்டு கழித்துப் பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதுவார். அவருக்கும் கடிதம் திரும்பி வரும். 2012இல் தொடங்கிய ஆர்சிட் என்கிற ஆய்வாளர் அடையாள எண், நிறுவனம் மாறினாலும் ஆள் மாறாமல் இருக்கட்டும் என்பதற்காக வந்தது. அந்தக் கணக்கிலும் கல்லூரி முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை மறந்தால், மீட்புக் கடிதம் மூடிய பெட்டிக்குத்தான் போகும்.

இதில் இன்னொரு கண்ணி, நம் மாணவர்களுக்கே உரியது. வெளிநாடு போகிறவரின் இந்திய சிம் என்னவாகிறது? ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்தும்விடலாம். ஜெர்மனியிலோ கனடாவிலோ முதல் பருவம் முடிவதற்குள் 90 நாள் ஓடிவிடும். ஓடிபி போகிற எண் வேறு யார் கையிலோ, மாற்று வழியாகக் கொடுத்திருந்த கல்லூரி மின்னஞ்சல் மூடியாயிற்று. இரண்டும் போன பிறகு வங்கிக் கணக்கையோ லிங்க்ட்இன் பக்கத்தையோ மீட்க அந்தப் பிள்ளை படுகிற பாட்டை, அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தவர்களே அறிவார்கள். தனிப்பட்ட காரியத்துக்குக் கல்லூரி முகவரியைக் கொடுத்தது அவர் தப்பு என்று கணினி மையத்தார் சொல்வீர்கள். சரி. பதினேழு வயதில் முதல் வருடம் சேர்ந்தபோது அதை அவருக்கு யார் சொன்னது? வீட்டில் முதல் மின்னஞ்சலே கல்லூரி கொடுத்ததுதான் என்று இருக்கிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் இன்றும் உண்டு.

இதைவிட மோசம், மூடிய முகவரியை அடுத்தவருக்குக் கொடுப்பது. 2013இல் யாஹூ, நெடுநாள் பயன்படாத பெயர்களை மறுபடி வழங்கத் தொடங்கியது. புதிதாக வாங்கியவர்களுக்குப் பழைய ஆளின் வங்கிக் கடிதமும் மருத்துவர் சந்திப்பு நினைவூட்டலும் வந்து சேர்ந்தன. எஸ். கார்த்திக், ஆர். பிரியா என்று வகுப்புக்கு மூன்று பேர் இருக்கிற ஊரில் இது கற்பனை ஆபத்து இல்லை. பதிவெண்ணையே முகவரியாக வைக்கிற கல்லூரிகள் இந்த ஆபத்திலிருந்து தப்பித்துவிடுகின்றன. பதிவெண் திரும்ப வராது. ஆனால் இருபத்தொன்று சி.எஸ்.ஆர். பூஜ்ஜியம் நாற்பத்தைந்து என்கிற பெயரை வாழ்நாள் முழுதும் யார் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வார்?

முகவரியை மட்டும் உயிரோடு வைக்க முடியுமா? முடியும். பல இடங்களில் நெடுநாளாக நடக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கம், ‘ஆலம்’ என்ற முன்னொட்டோடு தனி முகவரி கொடுத்து, அதற்கு வரும் அஞ்சலை அவரவர் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை வைத்தது. வீடு மாறும்போது பழைய அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்தால் கடிதத்தைப் புது வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களே, அந்த வேலைதான். கடிதத்தைச் சேமிப்பதில்லை, ஆகவே 100 டெராபைட்டில் ஒரு துளியும் போகாது. முகவரியிலேயே முன்னாள் மாணவர் என்று தெரிவதால், வெளியாளும் இவர் இப்போது அங்கே வேலை செய்கிறார் என்று ஏமாற மாட்டார்.

ஆனால் திருப்பிவிடுவது லேசான வேலை என்று இங்கே யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். வங்கி அனுப்பும் கடிதம் வங்கி குறிப்பிட்ட சர்வரிலிருந்துதான் வருகிறதா என்று பெறுகிற பக்கம் சோதிக்கிறது, எஸ்.பி.எஃப். என்கிற சோதனை அது. நடுவில் பல்கலைக்கழகம் வாங்கித் திருப்பினால் கடிதம் பல்கலைக்கழக சர்வரிலிருந்து வந்ததாகத் தெரியும், சோதனையில் தோற்கும். அனுப்பியவர் டி.கே.ஐ.எம். கையொப்பமும் இட்டிருந்து, வழியில் யாரும் கடிதத்தைத் தொடாமல் இருந்தால் தப்பிக்கும். தலைப்பில் ‘வெளியிலிருந்து வந்தது’ என்று ஒரு சொல் சேர்த்தாலே கையொப்பம் உடைந்துவிடலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இந்தச் சோதனைகளைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இன்னொன்று, முன்னாள் மாணவருக்கு வருகிற குப்பை அஞ்சலையும் சேர்த்துத் திருப்பினால், குப்பை அனுப்புகிற சர்வர் என்று பல்கலைக்கழகத்துக்கே கெட்ட பெயர் வரும். பிறகு பதிவாளர் அனுப்புகிற கடிதம்கூட ஸ்பேமில் விழும். அதனால் முன்னாள் மாணவர் அஞ்சலுக்கு வேறு கிளைப் பெயர், வேறு சர்வர், வாசலிலேயே குப்பை வடிகட்டி என்பவற்றில் விட்டுக்கொடுக்க வழியில்லை.

பாதுகாப்பு பற்றியும் கணினி மையத்தார் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆள் பார்க்காத கணக்குதான் திருடனுக்குப் பிடித்த கணக்கு. ஐந்தாண்டுக்கு முன் வெளியேறியவரின் கடவுச்சொல் வேறெங்கோ கசிந்திருக்கும், அவர் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வைத்திருக்க மாட்டார். அந்தக் கணக்கிலிருந்து, உதவித்தொகைக்கு உடனே விண்ணப்பியுங்கள் என்று இப்போதைய மாணவர்களுக்கு ஒரு கடிதம் போனால், கல்லூரிப் பெயரில் வந்ததால் நம்பி வங்கி விவரத்தைக் கொடுத்துவிடுவார்கள். முன்னாள் மாணவர்கள் தங்கள் கணக்கையே விற்கிறார்கள் என்ற புகாரும் உண்டு. மாணவர் சலுகைக்கு அந்த முகவரி பயன்படுவதால் அதற்கு விலை இருக்கிறது. இவையெல்லாம் முழுப் பெட்டியையும் உள்நுழைவு உரிமையையும் வைத்திருப்பதில் வருகிற ஆபத்துகள். திருப்பிவிடுகிற முகவரிக்குள் நுழைந்து திருட அங்கே பெட்டியே இல்லை.

இடத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். கூகுள் கல்விக் கணக்குகளில், கல்லூரி அனுமதித்திருந்தால், டேக்அவுட் வழியாக அஞ்சலையும் டிரைவ் கோப்புகளையும் மாணவரின் சொந்த ஜிமெயிலுக்கு நகலெடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த அனுமதியைத் திறந்துவிட நிர்வாகிக்குச் சில நிமிட வேலை. எத்தனை கல்லூரிகள் திறந்திருக்கின்றன என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வுக் குழுவின் பொதுக் கோப்பு ஒரு முனைவர் பட்ட மாணவரின் டிரைவில் இருந்தால், அவர் கணக்கை நீக்கினால் அந்தக் கோப்பு குழுவில் இருக்கிற எல்லாருக்கும் கிடைக்காமல் போய்விடும். நீக்கிய கணக்கை மீட்க நிர்வாகிக்கு 20 நாள் அவகாசம். கோடை விடுமுறையில் நீக்கினால், ஜூனில் பேராசிரியர் தேடும்போது அந்த 20 நாள் எப்போதோ கடந்திருக்கும். இந்த இடத்தில் நஷ்டம் வெளியேறியவருக்கு இல்லை, உள்ளே இருப்பவர்களுக்கு. நோ டியூஸ் படிவத்தில் வழிகாட்டி போடுகிற கையெழுத்துக்கு முன்னால், பொதுக் கோப்புகளின் உடைமையை ஒப்படைத்தாயிற்று என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

உரிமத்தில்தான் எனக்கு வருத்தம் மிச்சம் இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். பெரிய காரியம், பாராட்டுகிறேன். ஆனால் கதவு நிறுவனத்தின் கணக்கைக் காட்டினால்தான் திறக்கும். திருவண்ணாமலையில் ஓர் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நெட் தேர்வுக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் படிக்கிற பெண் அந்த 13,000 இதழ்களுக்கும் வெளியே நிற்கிறார். ‘சோத்கங்கா’வில் ஆய்வேடுகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. முனைவர் பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருப்பவர் தன் ஆய்வேட்டை அங்கே வீட்டிலிருந்தே படிக்கலாம். அதன் கடைசியில் தானே பட்டியலிட்ட கட்டுரைகளில் சந்தா இதழ்களில் வந்தவற்றைத் திறக்க முடியாது.

இதற்கு முழுத் தீர்வு கல்லூரி கையில் இல்லை. ஒப்பந்தம் வெளியீட்டாளரோடு. ஆனால் ஒப்பந்தம் போடும் மேசையில் முன்னாள் மாணவருக்காக யாராவது பேசினார்களா? ஜேஸ்டோர் தன் சந்தா நூலகங்கள் விரும்பினால் முன்னாள் மாணவருக்கும் அணுகல் தரலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆகவே கேட்டால் கிடைக்கிற பொருள்தான் இது. பல உரிம ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்கிற வெளியாட்களுக்கு அனுமதி உண்டு. நூலகர்களே, உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய மாணவர் வந்தால் வாசலில் காவலாளி நிறுத்தாமல் இருக்க ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கு வருகிறேன். நாக் மதிப்பீட்டுக்கு முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று ஆவணம் காட்ட வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எண்ணிக்கை கொடுக்க வேண்டும். கெடு நெருங்கியதும் துறைகளில் என்ன நடக்கிறது? ஓர் இளம் விரிவுரையாளர் பழைய வாட்ஸ்அப் குழுக்களைத் தோண்டி, இப்ப எங்கப்பா இருக்க, ஆஃபர் லெட்டரை அனுப்பி வை என்று ஒவ்வொருவராகக் கெஞ்சுகிறார். அந்த மாணவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கல்லூரியே ஒரு முகவரி கொடுத்திருந்தது. அதைத் தானே அழித்துவிட்டு, இப்போது ஆளைக் காணோம் என்று தேடுகிறது.

செலவு யார் தலையில் என்பது நியாயமான கேள்வி. திருப்பிவிடும் ஏற்பாட்டுக்கு இடச் செலவு இல்லை என்றேன். ஆள் செலவு இருக்கிறது. முகவரி மாற்றிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும், இவர்தான் அவர் என்று உறுதிசெய்ய வேண்டும், சர்வரைக் கவனிக்க வேண்டும். பல கல்லூரிகளில் கடைசிப் பருவக் கட்டணத்தோடு முன்னாள் மாணவர் சங்கச் சந்தா என்று ஒரு தொகையை வாங்குகிறீர்கள். அதற்குப் பதிலாக மாணவருக்கு இதுவரை கிடைத்தது ஆண்டுக்கொரு சந்திப்பும் பிரியாணியும். அந்தப் பணத்தின் முதல் செலவு இதுவாக இருக்கட்டும் என்கிறேன்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது? சேர்க்கையின்போதே ஒவ்வொருவருக்கும் இரண்டு முகவரிகளைத் தீர்மானித்துவிடலாம். ஒன்று பதிவெண்ணில் அமைந்த படிப்புக்கால முகவரி. மற்றொன்று பெயரில் அமைந்து, யாருக்கும் மறுபடி தரப்படாத வாழ்நாள் முகவரி. இறுதியாண்டில் உயிர் பெறும். கடைசிப் பருவம் தொடங்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு. மெயிலில் மட்டும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், துறைப் பலகையிலும் ஒட்டுங்கள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து பழைய பெட்டிக்குப் பன்னிரண்டு மாதம். டிரான்ஸ்கிரிப்ட், விசா, கட்டுரைத் திருத்தம் எல்லாம் அந்த ஓராண்டுக்குள்தான் வரும். ஆறு மாதம் போதும் என்று கணினி மையத்தார் சிலர் முன்பே என்னிடம் சொன்னார்கள். பட்டச் சான்றிதழே ஆறு மாதத்தில் கைக்கு வராத இடங்களில் ஆறு மாதம் எப்படிப் போதும் என்று எனக்கு விளங்கவில்லை. மறுப்பு இருப்பவர்கள் அங்கிருந்தே கேள்வியைத் தொடங்கலாம்.